கன்று வீசிய மாட்டை விற்காதீர்கள்

"ஏழாம் மாசம் நடக்குதுங்க டாக்டரம்மா, விடியக்காலையில பார்த்தா கன்னு வீசிக் கிடக்குது" என்று, குறைமாதத்தில் மாடு கன்றைத் தள்ளிவிட்டதாக ஃபோன் வந்தால், மாடு எப்படி இருக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. வீசின கன்னு எங்கே கிடக்கு, நஞ்சுக்கொடி விழுந்துச்சா, யாராவது வெறுங்கையால தொட்டீங்களா, நாயைக் கட்டிப் போட்டீங்களா என்றுதான் கேட்பேன். பக்கத்தில் கட்டியிருக்கிற சினை மாடுகளை அவிழ்த்துத் தூரமாகக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்துக் கட்டுத்தறிகளில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். நாள் முழுக்கச் சினை ஊசி, மடிநோய், காய்ச்சல் என்று போகும். இவற்றுக்கு நடுவே என் மனதை விட்டுப் போகாத ஒன்று கன்று வீச்சு நோய், புரூசெல்லோசிஸ். கோமாரி வந்தால் ஊரே பதறும். வாயில் புண், காலில் புண், நுரை தள்ளி நிற்கும் மாடு என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கன்று வீச்சு நோய் வந்த மாடோ நன்றாகத் தின்னும், அசைபோடும், பாலும் கறக்கும். ஒரு தடவை கன்றை வீசும், அவ்வளவுதான். அதற்கும் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருக்கும். பக்கத்து மாடு முட்டிருச்சு, வெயில் தாங்கல, பருத்திக்கொட்டை சூடு ஏத்திருச்சு, யாரோ கண்ணு வச்சுட்டாங்க.

எல்லாக் கருச்சிதைவும் இந்த நோயால் வருவதில்லை. வேறு கிருமிகளும் உண்டு, தீவனக் குறையும் உண்டு. ஆனால் ஐந்து மாதச் சினைக்கு மேல் வீசினால், அதிலும் கொடி விழாமல் தங்கினால், இது இல்லை என்று சோதித்து அறியும்வரை இதுதான் என்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். வீசிய அன்றே ரத்தம் எடுத்தால் சில மாடுகளில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் முடிவு 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிற வீடுகள்தான் எனக்குக் கவலை.

கன்றை வீசுவதற்குக் காரணம் இருக்கிறது. சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்று ஒரு சர்க்கரைப் பொருள் உண்டு. இந்தக் கிருமிக்கு அது விருந்து. உடம்பில் வேறெங்கோ அடங்கிக் கிடந்தது கருப்பைக்கு வந்து, அதைத் தின்று கோடிக்கணக்கில் பெருகும். கொடி அழுகி, கன்றுக்குப் போக வேண்டியது போகாமல், மாடு வீசிவிடும். அப்போது வெளியே வருகிற கொடியும் நீரும்தான் இந்த நோயின் மொத்தக் களஞ்சியம். மற்ற மாடுகள் மோந்து பார்க்கும், நக்கும், அந்த நீர் பட்ட புல்லைத் தின்னும். அதோடு அவற்றுக்கும் வந்துவிடும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, ஆலமரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிடுவது. எங்கள் அப்பாரு செய்து பார்த்திருக்கிறேன். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாடும் அப்படிப் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய் இழுக்காமல் உயரத்தில் கட்டியதில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. இன்றும் ஊர் எல்லையில் ஆலமரம் இருந்தால் அண்ணாந்து பாருங்கள், நாலைந்து மூட்டையாவது தொங்கும். நோயில்லாத மாட்டுக் கொடி என்றால் கவலையில்லை. கிருமி உள்ள கொடி அந்த ஈர வைக்கோலுக்குள், நிழலில் இருந்தால் அதில் கிருமி வெகுநாள் உயிரோடிருக்கும். நல்ல வெயில் பட்டால் சில மணி நேரத்தில் செத்துவிடும் கிருமி அது. நாம்தான் நிழல் பார்த்து வைக்கிறோம். சாக்கிலிருந்து சொட்டுவது மரத்தடியில் மேய்கிற மாட்டுக்கு, காக்கை கொத்தி இழுப்பது அடுத்த தோட்டத்துக்கு.

இதைச் சொல்லும்போது வழக்கத்தைப் பழித்துப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள், பேசவும் கூடாது. பரமத்தி வேலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வயதான ஆத்தா ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மரத்துல கட்டாம மரத்தடியிலயே குழி தோண்டிப் பொதைச்சா ஆகுமுங்களா?" என்று கேட்டார். தாராளமாக ஆகும். ஆழமாகக் குழி வெட்டி, மேலும் கீழும் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அதிலிருந்து எல்லா வீட்டிலும் ஆத்தா சொன்ன வழியைத்தான் சொல்கிறேன்.

இனி சந்தைக்கு வருகிறேன். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை வியாழக்கிழமை கூடும். கர்நாடகாவுக்கும் கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் அங்கிருந்து மாடு போகும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் நடக்கும். வாங்குகிறவர் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், மடியை அமுக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், இரண்டு பீச்சு பீய்ச்சியும் பார்ப்பார். அவ்வளவு நுணுக்கமான கண் நம் விவசாயிக்கு. ரத்தம் மட்டும் பார்ப்பதில்லை.

கன்று வீசிய மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும். அடுத்த சினையை நிறைமாதம் சுமந்து, ஒழுங்காக ஈனும். வெளியிலிருந்து பார்த்தால் குணமாகிவிட்ட மாடு. உள்ளே கிருமி நிணநீர்க் கட்டிகளிலும் மடியிலும் குடியிருக்கும். ஒவ்வொரு ஈத்திலும் கொடியோடும் நீரோடும் வெளியே வரும், பாலிலும் வரும். மாட்டைக் குணப்படுத்தக் கூடிய மருந்து கிடையாது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? ஒரு தடவை வீசியதுமே மாட்டின் மேல் மனசு விட்டுப்போகிறது. மறுபடி சினை பிடிக்கும்வரை வைத்திருந்து, ஆறு ஏழு மாதச் சினையில் சந்தைக்கு ஓட்டுகிறார். அப்போதுதானே நல்ல விலை. வாங்கியவர் அறுபதாயிரமோ எழுபதாயிரமோ கொடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கூட்டிப் போகிறார். புது வீட்டில் மாடு நல்லபடியாகக் கன்று போடுகிறது, ஆரத்தியும் எடுக்கிறார்கள். அன்றைக்கே அந்தக் கட்டுத்தறியில் மற்ற மாடுகளுக்கு நோய் ஏறிவிடுகிறது. அடுத்த வருஷம் அங்கே இரண்டு மாடு வீசும்போது, வந்த மாட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் சரியாக ஈன்றதே! வீசிய இரண்டும் திரும்பவும் சந்தைக்கு.

நான் பார்த்த வரையில் இந்த நோய் காற்றிலோ தண்ணீரிலோ ஊர் விட்டு ஊர் போவதில்லை. டெம்போவில் போகிறது.

விற்கிறவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டே மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பத்து நாளைக்கு ஒருமுறை வரும் பட்டுவாடாவில் குடும்பம் நடத்துகிற வீட்டில், "இந்த மாட்டை விற்காதீங்க" என்று சொல்வது லேசான காரியமா? மற்ற நாடுகள் இந்த நோயை ஒழித்தது, சோதித்து, பாசிட்டிவ் ஆனதை வெட்டுக்கு அனுப்பி, உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை கொடுத்து. ஆஸ்திரேலியா 1970-ல் தொடங்கிய இயக்கத்தில், மாடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று வாலில் கட்டிய அட்டையை வைத்துத் தேடிப்பிடித்து, 1989-ல் நோயே இல்லை என்று அறிவித்தது. இங்கே பசுவை அப்படி வெட்டுக்கு அனுப்பச் சொல்ல முடியாது. பாசிட்டிவ் ஆன மாட்டுக்கு ஈடாக ஒரு வீட்டுக் கையில் பணம் வந்து சேர்ந்ததை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததும் இல்லை. அதனால் நமக்கு மிஞ்சியிருக்கும் வழி இரண்டுதான். கிடேரிக் கன்றுக்குத் தடுப்பூசி, நோய் கண்ட மாட்டை விற்காமல் வைத்துப் பராமரிப்பது. முதலாவதை அரசு செய்கிறது. இரண்டாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நாமகிரிப்பேட்டை பக்கம் ஒரு குடும்பம். மகன் திருப்பூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, கடன் வாங்கி, ஏறத்தாழ இருபது ஜெர்சி கலப்பின மாடுகள் சேர்த்தார். பாதி சந்தையில் வாங்கியவை. ஒரே பருவத்தில் வரிசையாகக் கன்று வீச ஆரம்பித்தன. எல்லா மாட்டிலும் ரத்தம் எடுத்தோம். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், அதாவது சீரம், ஒரு துளி, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புக் கரைசல் ஒரு துளி, கண்ணாடித் தட்டில் கலந்து நாலு நிமிஷம் மெல்ல ஆட்ட வேண்டும். நோய் இல்லையென்றால் கரைசல் அப்படியே வழவழவென்று நிற்கும். இருந்தால் திரி திரியாகத் திரளும். அந்தத் தட்டில் வட்டத்துக்கு வட்டம் திரண்டு வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "வண்டி வரச் சொல்லு, அத்தனையும் தள்ளிவிட்டுரலாம்" என்றார்.

மருமகள்தான் மறுத்தது. "நமக்கு எவனோ பண்ணுனதை நாம இன்னொரு வீட்டுக்குப் பண்ணோணுமாங்க மாமா? அந்த வீட்டுலயும் எம் புள்ளையாட்டம் ஒரு புள்ள பால் குடிக்குமல்லோ."

அன்றைக்கு உட்கார்ந்து திட்டம் போட்டோம். பாசிட்டிவ் மாடுகளைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். தென்னை ஓலைச் சாளைதான், செலவு அதிகமில்லை. முக்கியமாகப் பார்த்தது மண் வாட்டம். நோய்ப் பக்கத்துக் கழுவுநீர் நல்ல மாடுகள் பக்கம் ஓடக்கூடாது. கறவை நல்ல மாடுகளில் தொடங்கி நோய் மாடுகளில் முடியும். அந்தப் பக்கத்து வாளி, கயிறு, விளக்குமாறு, செருப்பு எல்லாம் தனி. ஈனப்போகிற மாட்டுக்குத் தனியாக ஒரு மறைப்பு. கொடி விழுந்ததும் படுக்கை வைக்கோலோடு வாரிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு, தரைக்கு பிளீச்சிங் பவுடர். கொடியைத் தொடுகிறவர் தோள்வரை உறை, முகத்துக்கு மறைப்பு. காளைக்கு விடுவதே இல்லை, எல்லாம் சினை ஊசி. பால் சொசைட்டி வழியாகப் பதப்படுத்தப் போகிறது. 72 டிகிரியில் 15 வினாடி சூடேறினாலே இந்தக் கிருமி சாகும். வீட்டுக்கு எடுப்பது பொங்கக் காய்ச்சாமல் வாயில் படாது. மோருக்கு உறை ஊற்றுவதும் காய்ச்சிய பாலில்தான்.

கிடேரிக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து நல்ல பக்கம் வளர்த்து, 5 மாதத்தில் தடுப்பூசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல பக்கத்து மாடுகளுக்கு மறுபடி ரத்தச் சோதனை. நோய் மாடுகள் அந்தந்த ஈத்தோடு கறந்து, வயதாகி, ஒவ்வொன்றாகக் கழிந்தன. அந்த இடத்துக்குத் தோட்டத்திலேயே பிறந்து ஊசி போட்ட கிடேரிகள் வந்தன. சந்தையிலிருந்து ஒரு மாடுகூட வாங்கவில்லை.

வருஷக்கணக்கில் ஆனது. நடுவில் ஒரு பெரிய அடி. பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த கிடேரி ஒன்று, வளர்ந்து வரும்போது எல்லாச் சோதனையிலும் இல்லை இல்லை என்றே வந்தது. முதல் ஈத்து ஈன்ற பிறகு எடுத்தால் பாசிட்டிவ். சில கன்றுகள் தாய் வயிற்றிலிருந்தே கிருமியைச் சுமந்து வந்து, சினையாகும்வரை காட்டிக்கொடுக்காது. அந்த மருமகள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டது. அந்த மாட்டையும் மறுகோடிக்குத்தான் ஓட்டினார்கள், சந்தைக்கு ஓட்டவில்லை. இன்று அந்தத் தோட்டத்தில் மறுகோடிச் சாளை காலி. இந்த வேலையில் நான் பார்த்த பெரிய சாதனை இது என்று தயங்காமல் சொல்வேன். அவர்கள் பட்ட நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். கடன் தவணைக்கு அந்தப் பெண்ணின் நகை அடகுக்குப் போனது. நல்லது செய்த குடும்பம் நகையை இழக்க வேண்டிய நிலை இருக்கும்வரை, எல்லோரையும் இப்படிச் செய்யுங்கள் என்று கேட்பதில் எனக்கே கூச்சம் இருக்கிறது. ஈட்டுத்தொகை, குறைந்தபட்சம் தீவனத்துக்காவது ஒரு உதவி, இந்த வீடுகளைத் தேடிப் போக வேண்டும்.

இந்த நோய் மனிதருக்கும் வரும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கொடி தங்கிய மாட்டுக்குக் கையை விட்டுத் தானே எடுத்தவர். சில வாரத்தில் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரி சேலை நனைகிற வியர்வை, காலையில் ஒன்றுமில்லை. இடுப்பு வலி எழுந்திருக்க விடாது. டைபாய்டு என்று மருந்து, நின்றதும் திரும்பவும் காய்ச்சல். மாதக்கணக்கில் இப்படி இளைத்துப் போனார். மாட்டைப் பார்க்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். கட்டுத்தறியில் கன்று வீசிய மாடு இருந்தது, புரூசெல்லா பரிசோதனை செய்து பார்க்கவும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதுவேதான். டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் 6 வாரம், நடுவில் நிறுத்தாமல். தேறிவிட்டார். விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், "எங்க வீட்டுல மாடு இருக்கு, போன மாசம் கன்னு வீசுச்சு" என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆண்களுக்கு விரை வீக்கமாகவும் வரும், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

இந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்டதே தனிக் கதை. 1887-ல் டேவிட் புரூஸ் மால்டா தீவில் செத்த ராணுவத்தானின் மண்ணீரலில் கிருமியைக் கண்டார். 1897-ல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பேங் கன்று வீசிய மாட்டில் ஒரு கிருமியைக் கண்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு என்று 1918-ல் சொன்னவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். பச்சைப்பால் ஆபத்து என்று எச்சரித்தார். ஒரு பெண் சொன்னதை ஏற்கப் பெரிய ஆட்களுக்கு வெகுகாலம் பிடித்தது. அவருக்கே 1922-ல் இந்த நோய் தொற்றி, பல வருஷம் வாட்டியது. கறந்த சூட்டில் பச்சைப்பாலைப் பிள்ளைக்குக் கொடுத்தால் பலம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம்தான் வரும்.

தடுப்பூசிக்கு வருவோம். நாம் போடுவது எஸ்-19 ரகம். 1923-ல் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து பிரித்த கிருமி அது. ஆய்வகத்தில் ஒரு வருஷத்துக்கும் மேல் வெளியிலேயே கிடந்து வீரியம் இழந்துவிட்டது. இன்று நம் கட்டுத்தறியில் நிற்பதும் பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புதான். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கும் இதற்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதனால் ஊசி இலவசம். வாழ்நாளில் ஒரே தடவை, 4 முதல் 8 மாதம்வரையுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும்.

ஏன் அந்த வயதுதான் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த வயதில் போட்டால் ஊசியால் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் கிடேரி சினைக்கு வருவதற்குள் ரத்தத்தில் வடிந்துவிடும். பிற்பாடு சோதிக்கும்போது நோயா ஊசியா என்ற குழப்பம் வராது. வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் அந்தக் குழப்பம் தீராது, சினை மாட்டுக்குப் போட்டால் வீசவும் கூடும். காளைக் கன்றுக்குப் போட்டால் விரையைக் கெடுக்கும், ஆகவே கூடாது. இது உயிருள்ள கிருமி ஊசி என்பதால், போடுகிற எங்கள் ஆட்களும் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. கன்றைப் பிடிக்கிறவர் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், துள்ளி ஊசி எங்கள் கையில் ஏறினால் எங்களுக்கு நோய். காப்பும் நூற்றுக்கு நூறு கிடையாது, பத்துக்கு ஏழு என்பது புத்தகக் கணக்கு. அதனால்தான் ஊசி போட்டாயிற்று என்று கொடியைக் கண்ட இடத்தில் வீச முடியாது.

மாடு வாங்கத்தான் வேண்டும் என்றால், தரகரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ரத்தம் எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் அந்த மாடு வேண்டாம். வாங்கி வந்ததை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள், மறுபடி சோதியுங்கள், சினை மாடு என்றால் ஈன்ற பிறகும் ஒரு தடவை. காதில் மஞ்சள் வில்லை போட்டு 12 இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். சோதனை முடிவும் அந்த எண்ணோடு சேர்ந்து வாங்குகிறவரின் ஃபோனில் தெரிய வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஈட்டுத்தொகை வராமல் அதை மட்டும் கொண்டுவந்தால் ஒருவரும் மாட்டைச் சோதிக்கவே விடமாட்டார்கள். ஈட்டுத்தொகை முன்னால் வரட்டும்.

மாட்டுக்கு மாடு ரத்தம் எடுக்க ஆளில்லாத ஊர்களில் சொசைட்டியிலேயே ஒரு வழி இருக்கிறது. குழாயில் 1 மில்லி பால், ஊதா நிறமேற்றிய கிருமிக் கரைசல் ஒரு துளி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். நோய் உள்ள பாலில் மேலே எழும் ஏட்டில் நீல வளையம் கட்டும், கீழே பால் வெளுத்து நிற்கும். சீம்பாலிலும் மடிநோய்ப் பாலிலும் பொய்யாகக் காட்டும் என்பதால் அவற்றைத் தள்ளிவிட வேண்டும். யார் வீட்டுக் கேனில் வளையம் வருகிறதோ அந்த வீட்டு மாடுகளுக்கு மட்டும் ரத்தம் எடுத்தால் போதும். நான் போகிற ஊர்களில் செயலாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். "வளையம் வந்தா பாலை வேண்டாம்னுருவீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. வேண்டாம் என்று சொல்லமாட்டோம், பால் பதப்படுத்தத்தான் போகிறது, உங்கள் பேரையும் பலகையில் எழுதமாட்டோம் என்று சொல்லி, எழுதியும் கொடுத்த பிறகு இரண்டு சொசைட்டிகள் சம்மதித்திருக்கின்றன. தை மாதத்தில் தொடங்குகிறோம்.